முதல் பச்சை, இரண்டாம் பச்சை

கழுகக்காவின் வலது கையில் ஒரு தூரிகை. நுனியில் மூன்று மயிர்களை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் அவளே பிளேடால் கழித்திருந்தாள். இடது கை, நுண்ணோக்கியின் கீழிருந்த கண்ணாடித் தட்டை நகர்த்திக்கொண்டிருந்தது. தட்டில் சர்க்கரைப் பருமனில் பாறைத் துகள்கள் பரந்து கிடந்தன. கறுப்பு, சாம்பல், வெள்ளை, நடுநடுவே பச்சை. தூரிகையை ஸ்பிரிட்டில் தொட்டு ஒரு பச்சைத் துகளின் மேல் வைப்பாள். ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் நிற்கும் சின்னக் கண்ணாடிக் குப்பியின் வாயில் மெல்லத் தட்டுவாள். விழும். பிறகு அடுத்தது. காலைப் பொழுது முழுக்க இப்படிப் பொறுக்கினால் குப்பியின் அடி மூடும். அதற்குள் கழுத்து பலகையாகிவிடும்.

கழுத்துக்கு வேண்டியதை அவளே பார்த்துக்கொண்டாள். நாற்காலியில் வீட்டுக்காரர் தைத்துக் கொடுத்த மெத்தை, முழங்கைகளுக்கு இரண்டு குட்டித் தலையணைகள், காலடியில் ஒரு மரப்பெட்டி. அவ்வப்போது எழுந்து ஜன்னல் வரை நடந்து, தோளைச் சுழற்றி, எதிர் மாடியிலிருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. உட்கார்ந்தே பார்க்கும் வேலையில் உடம்பைக் கவனிக்காதவர்கள் ஐம்பதில் படுத்துவிடுவார்கள். அவள் ஐம்பதைத் தாண்டியும் நிமிர்ந்துதான் நடந்தாள்.

எரிமலைப் பாறைகளை ஆராயும் கூடம் அது. கீழ்த்தளத்தில் பாறையை உடைக்கும் இயந்திரம் நாள் முழுக்க உறுமும். உடைத்ததைச் சலித்து, கழுவி, காந்தம் காட்டி இரும்புத் தூளை நீக்கி, மிச்சத்தைத் தாள் பொட்டலத்தில் மடித்து மாடிக்கு அனுப்புவார்கள். அங்கிருந்துதான் அவள் வேலை. இயந்திரம் எவ்வளவு பிரித்தாலும் கடைசியில் ஒரு மனிதக் கண் உட்கார்ந்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று பொறுக்க வேண்டியிருந்தது.

அதற்கு முன் அவள் ஒரு பொத்தான் தொழிற்சாலையில் நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டைக்குப் போகும் பொத்தான்கள் எல்லாம் ஒரே வெள்ளையாக இருக்க வேண்டும். வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டென்று சட்டை போடுகிறவனுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். தொழிற்சாலையை மூடிய பிறகு இந்தக் கூடத்தில் தரை துடைக்கும் வேலைக்கு வந்தாள். துகள் பொறுக்கிக்கொண்டிருந்தவர் கழுத்து வலி தாங்காமல் வேறு வேலைக்குப் போனபோது, நான் உட்கார்ந்து பார்க்கட்டுமா என்று கேட்டாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

கழுகு என்ற பெயர் அடுத்த வருடமே ஒட்டிக்கொண்டது. வைத்தவர் அறுப்புக்காரர். பாறையைக் காகிதத்தைவிட மெல்லிசாக அறுத்துத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டிக் கொடுப்பது அவர் வேலை. "பொம்பளையாப் பொறந்ததால தப்பிச்சீங்கக்கா, இல்லன்னா பொறுக்கின்னே கூப்பிட்டிருப்போம்" என்று புதிதாக யார் வந்தாலும் அவர்கள் எதிரில் ஒரு தடவை சொல்லிவிடுவார். அவளும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரித்து வைப்பாள்.

பெயரோடு ஒரு வழக்கமும் வந்தது. மற்றவர்கள் பொறுக்கிய குப்பி வேறொரு கண்ணுக்குப் போய்ச் சரிபார்க்கப்பட்ட பிறகுதான் அளக்கும் கருவிக்குப் போகும். கழுகக்கா பொறுக்கிய குப்பியின் மூடியில் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பார்கள். பொட்டு வைத்தது நேராகக் கருவிக்குப் போகும். அந்தப் பொட்டை அவளே வைக்கலாம் என்று கூடத்தின் தலைவியான பெரிய மேடம் சொல்லி, வர்ணப் பேனாவையும் கையில் கொடுத்திருந்தார். அவள் மேசை இழுப்பறையில் அந்தப் பேனா கைக்குட்டையில் சுற்றிக் கிடக்கும்.

அந்த வருடம் அவள் பொறுக்கிக்கொண்டிருந்தது ஓர் ஆராய்ச்சி மாணவிக்காக. பட்டத்துக்கான வேலை பாதி முடிந்திருந்ததால் கூடத்தில் எல்லோருக்கும் அந்தப் பெண் அரை டாக்டர். மெலிந்த உடம்பு, சாப்பிட மறந்துவிடும் வகை. தினமும் பதினோரு மணிக்குக் கழுகக்கா தன் டப்பாவிலிருந்து பாதியை அவள் பக்கம் தள்ளுவாள். தின்றுகொண்டே அரை டாக்டர் தன் மலையைப் பற்றிப் பேசுவாள். அப்படித்தான் கழுகக்காவுக்கு விஷயம் முழுதும் தெரியும்.

விஷயம் இதுதான். பூமிக்கு அடியில், மிக ஆழத்தில், பாறை முழுசாக உருகுவதில்லை. அதில் எளிதில் உருகக்கூடிய பங்கு மட்டும் வியர்வைபோலக் கசிந்து சேர்ந்து மேலே ஏறுகிறது. வழியில் ஒரு பெரிய அறையில் தங்குகிறது, ஆறுகிறது. பாகு ஆறும்போது கற்கண்டு கட்டுவதுபோல அந்தக் குழம்பிலும் படிகங்கள் கட்டும். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் அல்ல. முதலில் ஆலிவின். எலுமிச்சைப் பிஞ்சின் பச்சை. அது கட்டியதும் கனத்தால் அடியில் போய்ப் படியும். குழம்பிலிருந்த மக்னீசியத்தில் பெரும் பங்கை எடுத்துக்கொண்டு போய்விடும். அடுத்து பைராக்ஸீன். பழைய பாட்டில் கண்ணாடிபோல இருண்ட பச்சை. அது சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்ளும். இப்படி ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொண்டு படியப் படிய, மிஞ்சிய குழம்பு தொடங்கிய குழம்பாக இருக்காது. மணல் சத்து ஏறும், நிறம் வெளிறும், பிசுபிசுப்பு கூடும். ஒரே அறையிலிருந்து முதலில் வந்தது கன்னங்கரேலென்ற கல்லாகவும், கடைசியில் வந்தது சாம்பல் கல்லாகவும் இருப்பது அதனால்தான்.

கூடத்தில் யாரும் ஆலிவின், பைராக்ஸீன் என்று முழுப் பெயரைச் சொல்வதில்லை. முதல் பச்சை, இரண்டாம் பச்சை. அவ்வளவுதான்.

அரை டாக்டருக்கு வேண்டியது முதல் பச்சை மட்டும். அதிலிருக்கும் ஆக்சிஜனை அளப்பாள். ஆக்சிஜனில் லேசான வகையும் கனமான வகையும் உண்டு. ஆழத்திலிருந்து நேராக வந்த குழம்பில் இரண்டும் எந்த அளவில் இருக்கும் என்பது தெரிந்த கணக்கு. கனமானது இம்மி கூடியிருந்தால் அந்தக் குழம்பு வழியில் எதையோ சேர்த்துக்கொண்டது என்று பொருள். பெரும்பாலும், தான் தங்கியிருந்த அறையின் பழைய பாறைச் சுவரைக் கரைத்துத் தின்றிருக்கும்.

அவளுடைய மலையில் குழம்பு அடுக்கடுக்காக வழிந்து இறுகியிருந்தது. அடியில் இருப்பது பழையது, உச்சியில் இருப்பது புதியது. கழுகக்கா அடி அடுக்கிலிருந்து தொடங்கி வரிசையாக மேலே பொறுக்கிக்கொண்டு போனாள். வருடம் ஓடியது. முடிவுகள் வர வர அரை டாக்டர் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் புள்ளி வைத்தாள். அடியில் தெரிந்த கணக்குப்படி இருந்த புள்ளிகள் மேலே போகப் போக மெதுவாக, ஒழுங்காக, வலப்பக்கம் சாய்ந்தன. அழகான வளைவு. மலை வயதாக ஆக, தன் சுவரை அதிகமாகத் தின்றிருக்கிறது. இப்படி ஒரு மலையை யாரும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை என்று பெரிய மேடமே சொல்லிவிட்டார். கடைசிக் குப்பி பொறுக்கும் நாளுக்கு மறுநாள், வெளியிலிருந்து வரும் ஆராய்ச்சியாளர்கள் முன்னால் அரை டாக்டர் அதைப் பேசுவதாக ஏற்பாடு. அதற்காகக் கடையில் வாங்கிய புது கோட்டு ஜாக்கெட்டின் கையைச் சுருக்கி, தோளைப் பிடித்துக் கொடுத்தது கழுகக்காவின் வீட்டுக்காரர்தான்.

உச்சி அடுக்கில் ஒரு குப்பி மட்டும் மீதி இருந்தது. அன்று காலை கழுகக்காவின் கையில் இருந்தது அதுதான்.

குப்பியை மூடுமுன் துகள்களைத் திரும்பத் தட்டில் கொட்டி ஒரு முறை பார்ப்பது அவள் பழக்கம். கொட்டினாள். குனிந்தபோது வலது கண்ணில் ஏதோ உறுத்தியது. இமை மயிராக இருக்கலாம். ஸ்பிரிட் பட்ட விரலால் கண்ணைத் தேய்க்கக் கூடாது என்கிற அறிவு அவளுக்கு இருந்தது. சலவைக் கைக்குட்டையை வலது கண்ணில் ஒற்றிப் பிடித்துக்கொண்டு, வேலையை நிறுத்த மனமில்லாமல் இடது கண்ணால் மட்டும் நுண்ணோக்கிக்குள் பார்த்தாள்.

தட்டில் இரண்டு பச்சைகள் இருந்தன.

கைக்குட்டையை எடுத்தாள். ஒரே பச்சை, தேநீர்க் கறை படிந்த மாதிரி. மூடினாள். இரண்டு. ஒன்று எலுமிச்சைப் பிஞ்சு, இன்னொன்று பாட்டில். ஐந்து துகளுக்கு இரண்டு பாட்டில் பச்சை.

விளக்கைச் சந்தேகப்பட்டாள். எழுந்து ஜன்னலருகே போய்த் தண்ணீர்த் தொட்டியை மாற்றி மாற்றிப் பார்த்தாள். இடது கண்ணுக்கு அது வெள்ளை. வலது கண்ணுக்குப் பழைய பனியன் நிறம். பொத்தான் தொழிற்சாலைக்காரிக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வெள்ளையே தெரியாத கண்ணை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் பச்சை பொறுக்கியிருக்கிறாள். இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது வலது கண் முந்திக்கொள்ளும். எழுதும் கைபோல, அவளுக்கு அது பார்க்கும் கண்.

கண்ணில் புரை இப்படித்தான் வரும். வலிக்காது, சிவக்காது. கண்ணுக்குள் இருக்கும் வில்லை கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பேறும். இன்றைக்கும் நேற்றைக்கும் வித்தியாசம் தெரியாததால் ஆள் பழகிப்போவார். விளக்கு மங்கல் என்பார்கள், கண்ணாடி அழுக்கு என்பார்கள், செய்தித்தாளின் மேல் பழி போடுவார்கள். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்கிற நாள்வரை இது ஓடும்.

கழுகக்கா நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். இந்த ஒரு குப்பி என்றால் போகட்டும். அலமாரியில் மிச்சக் குப்பிகள் அடுக்கு வரிசைப்படி நின்றன. கருவிக்குப் போனது போக ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மீதி இருக்கும். அடி அடுக்கின் குப்பியைக் கொட்டி இடது கண்ணால் பார்த்தாள். சுத்தம். எல்லாம் முதல் பச்சை. நடு அடுக்கு: அங்கொன்றும் இங்கொன்றும் பாட்டில். அதற்கு மேலே இன்னும் கொஞ்சம். உச்சிக்குக் கீழே நிறைய. எல்லா மூடியிலும் சிவப்புப் பொட்டு.

இரண்டாம் பச்சை, ஒரே குழம்பில் கட்டினாலும், முதல் பச்சையைவிட கனமான ஆக்சிஜனை இம்மி அதிகமாக வைத்துக்கொள்ளும். டப்பாவைப் பகிர்ந்துகொண்டே அரை டாக்டர் எப்போதோ சொன்னது. அதனால்தான் கலக்காமல் பொறுக்கச் சொன்னது.

சொல்லாமல் இருக்கலாமா என்று அவள் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒரு மணி நேரம் யோசித்தாள். சொன்னால் பொட்டு போகும், பேர் போகும், மேசையும் போகலாம். சொல்லாவிட்டால் நாளைக்கு அந்தப் பெண் தோள் பிடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஊரார் முன்னால் தப்பைப் பேசுவாள்; பிறகு என்றைக்காவது யாராவது கண்டுபிடித்து அவள் முகத்தில் கரி பூசுவார்கள். பதினோரு மணிக்கு அரை டாக்டர் வந்தாள். கழுகக்கா டப்பாவைத் திறக்கவில்லை. நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காரும்மா. இந்தத் தட்டுல எத்தன பச்சை இருக்குன்னு பாத்துச் சொல்லு."

அரை டாக்டர் சிரித்துக்கொண்டே குனிந்தாள். பிறகு நிமிராமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டைத் தானே நகர்த்தினாள். எந்த அடுக்கு என்று கேட்டாள். சொன்னாள் கழுகக்கா. மற்ற குப்பிகளையும் ஒவ்வொன்றாகக் கொட்டிக் காட்டினாள். என்ன நடந்தது என்பதைக் கைக்குட்டையும் கையுமாக, கூட்டாமல் குறைக்காமல் சொல்லி முடித்தாள். ஏதோ கேட்க உள்ளே வந்த அறுப்புக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

அரை டாக்டர் எழுந்து சுவரிலிருந்த வளைவைப் பார்த்தாள். அடியிலிருந்து உச்சி வரை. பழைய அடுக்கிலிருந்து புது அடுக்கு வரை. வருடத் தொடக்கத்திலிருந்து இந்த வாரம் வரை.

"அப்ப மலை எதையும் தின்னலையா" என்றாள், யாரிடமோ கேட்பதுபோல.

"இது மலையோட கதையே இல்லம்மா," என்றார் அறுப்புக்காரர். "அக்காவோட கண் ரிப்போர்ட்டு. ஒரு வருஷத்துக்கு மாசாமாசம் எடுத்து ஒட்டியிருக்க."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது அரை டாக்டர்தான். சிரிப்பு பாதியில் அழுகையாகி, மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கழுகக்கா தண்ணீர்ப் பாட்டிலைத் தள்ளினாள். அழுகிறவர்களை அழ விட்டு, நின்றதும் தண்ணீர் கொடுத்தால் போதும். வேறு சமாதானம் வேண்டியதில்லை.

பிறகு வேலையைப் பேசினார்கள். அடியிலிருந்து வரிசையாகப் பொறுக்கியதுதான் பெரிய கோளாறு. கலைத்துக் கலைத்துப் பொறுக்கியிருந்தால் தப்பு அங்கங்கே சிதறி, இப்படி ஒழுங்கான வளைவாக வந்து கண்ணைக் கட்டியிருக்காது. வரிசை என்பது கூடத்தின் பழக்கம். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. பொட்டும் பழக்கம்தான். பெரிய மேடம் வந்தார், குனிந்து பார்த்தார். நாளைய பேச்சில் அந்த வளைவைக் காட்ட வேண்டாம், அடி அடுக்குகளை மட்டும் பேசு என்றார். பிறகு, பொட்டு வைக்கச் சொன்னதே தான்தான் என்றும், அதை எண்ணினால் தலையைச் சுற்றுகிறது என்றும் சொன்னார். யாரும் கழுகக்காவைக் கடிந்து பேசவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

புறப்படும்போது பெரிய மேடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஆபரேஷன் எப்போது, லீவு எவ்வளவு வேண்டும்.

"ஆபரேஷன் எல்லாம் நான் பண்ணிக்கறதில்ல மேடம்," என்றாள் கழுகக்கா. "வேற ஆள் பாத்துக்கோங்க. நான் பழையபடி தரை தொடைக்கறேன்."

துகள் விஷயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உண்மை பேசியவள், கண் விஷயத்தில் இப்படிச் சுருண்டதற்குக் காரணம் அவள் அம்மா. அம்மாவுக்கும் புரைதான். அறுத்தார்கள். பத்து நாளில் அந்தக் கண் சீழ் பிடித்துப் போயிற்று. அதற்குப் பின் அம்மா சாகும்வரை சுவரைத் தடவித் தடவித்தான் நடந்தாள். கத்தி வைத்துக் கெடுத்துவிட்டார்கள் என்பது வீட்டில் தீர்ந்த முடிவு. புரை மூடிய இன்னொரு கண்ணை அம்மா யாரிடமும் காட்டவே இல்லை.

அன்று வீட்டுக்குப் போனபோது வீட்டுக்காரர் ஜன்னலோரத் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரே அறை வீடு. பாதி அறை துணி. அவருக்குக் கிட்டப் பார்வை போய் நாளாயிற்று. மாலையில் வந்ததும் மறுநாளைக்கு வேண்டிய ஊசிகளில் எல்லாம் நூல் கோத்து, ஒரு பஞ்சு உருண்டையில் வரிசையாகக் குத்தி வைப்பது கழுகக்காவின் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அவள் செய்து வருவது; அதை அவள் பெருமையாகவும் நினைத்திருந்தாள்.

நடந்ததைச் சொல்லிக்கொண்டே ஓர் ஊசியை எடுத்தாள். நூல் துவாரத்துக்குப் பக்கத்தில் போய் மடங்கியது. எச்சில் தொட்டுத் திரும்பக் கோத்தாள். மறுபடியும் மடங்கியது. இடது கண்ணால் முயன்றாள். கை பழக்கமில்லாமல் தடுமாறியது.

"வை, நான் கோத்துக்கறேன்," என்றார் அவர்.

இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னத் தகடு எடுத்தார். அதன் நுனியில் மெல்லிய கம்பி வளையம். வளையத்தை ஊசித் துவாரத்தில் நுழைத்து, நூலை வளையத்தில் போட்டு இழுத்தார். முடிந்தது.

"இது எப்ப வாங்குனீங்க?"

"போன மழைக்கு."

"நான் தினமும் கோத்து வக்கறேனே."

"வக்கற. பாதி ஊசில நூல் துவாரத்துக்கு வெளியில தொங்கும். நீ தூங்குனதும் நான் சரி பண்ணிப்பேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. கூடத்தில் ஒரு வருடமாக அவளை யாரும் சரிபார்க்கவில்லை. வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்கச் சரிபார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், சொல்லாமல். ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். சொன்னால் ஆஸ்பத்திரி என்று வரும், ஆஸ்பத்திரி என்றால் நீ ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய் என்றார். உள்ளதைத்தான் சொன்னார்.

ஆபரேஷனுக்குப் போகப்போவதில்லை என்று அவள் சொன்னபோது அவர் தைத்துக்கொண்டிருந்த துணியை எடுத்து ஓரமாக மடித்து வைத்தார். தையல்காரர் துணியை மடித்து வைத்தால் நீளமாகப் பேசப்போகிறார் என்று பொருள்.

"உங்கம்மாவோட சாமானெல்லாம் ஒழிச்சது நான்தானே. அலமாரியில அவங்க சேலைக்கு அடியில ரெண்டு சொட்டு மருந்து புட்டி இருந்துச்சு. கண்ணுக்கு விடறது. ரெண்டும் சீல் ஒடைக்கல."

கழுகக்கா பஞ்சு உருண்டையை ஓரமாக வைத்தாள்.

"எரியுதுன்னு விட்டிருக்க மாட்டாங்க. அவங்க சுபாவம் உனக்குத் தெரியும். கண்ணக் கசக்காதீங்கன்னு சொன்னாலும் கசக்குவாங்க. கத்தி கெடுக்கல. அதுக்கப்புறம் வேண்டிய வேலைய யாரும் பாக்கல."

"இவ்ளோ நாள் சொல்லாம இருந்தீங்களே."

"அவங்க இருக்கும்போது சொன்னா கொற சொல்ற மாதிரி. போனப்புறம் சொன்னா அதவிட மோசம். தூக்கிப் போட்டுட்டேன்."

அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்தது. அவள் எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்தாள். அம்மாவுக்கு அப்போது சொட்டு மருந்து விட ஆள் இல்லாமல் இல்லை. மூன்று பெண்கள், ஒரு மருமகள். எல்லோரும் இன்னொருத்தி விடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய குடும்பங்களில் நோயாளிக்கு நேரும் ஆபத்து இதுதான். மருந்துக்கு ஓர் ஆள் பொறுப்பு என்று நிற்க வேண்டும்.

"எனக்கு யாரு விடுவா?" என்று கேட்டாள்.

"நான்தான். புட்டிய இந்த மிஷின் மேல வச்சுக்கறேன், ஊசிப் பெட்டி பக்கத்துல. நாலு வேளையோ ஆறு வேளையோ, மறக்க மாட்டேன்."

"உங்களுக்குக் கிட்டத்துல கண்ணு தெரியாது. மூக்குல விடுவீங்க."

"நேராத் துணி வெட்டற கைடி இது."

"வெட்டற கைதான் பயமாயிருக்கு" என்றாள். ஆனால் சொல்லும்போது சிரித்துவிட்டாள். அவர் துணியை மறுபடி விரித்துக்கொண்டார். அன்றிரவு அவள் தூங்கப் போகும்வரை இயந்திரம் ஓடியது. என்ன தைக்கிறார் என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் காலை அவர் கொடுத்தது, நீள்வட்டமாக வெட்டிய கறுப்புத் துணி, உள்ளே மெத்தென்று இரண்டு மடிப்பு, தலைக்குப் பின்னால் போக ஒரு ரப்பர் நாடா. வலது கண்ணுக்கு அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. அதைப் போட்டுக்கொண்டு அவள் கூடத்துக்குள் நுழைந்தபோது அறுப்புக்காரர் வழிவிட்டு ஒதுங்கி, கழுகு கப்பல் கொள்ளைக்காரியாகிவிட்டது என்றார். யாரோ சிரித்தார்கள். அவளும் நிற்காமல் சிரித்துக்கொண்டே மாடியேறினாள்.

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து எல்லா மூடிகளிலும் இருந்த பொட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். சிவப்பு சீக்கிரம் போகவில்லை; அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது. வர்ணப் பேனாவைக் கொண்டுபோய்ப் பெரிய மேடத்தின் மேசையில் வைத்தாள். அரை டாக்டர் அந்த ஜாக்கெட்டோடுதான் வந்தாள். அடி அடுக்குகளை மட்டும் பேசுவதற்குப் பாதி நேரம் போதும், மீதி நேரத்தை நான் எதைச் சொல்லி நிரப்புவேன் என்று புலம்பிக்கொண்டே, குப்பிகளின் பெயர் மேல் காகிதம் ஒட்டி, சீட்டுக்கட்டுபோலக் கலைத்து வைத்தாள். எது எந்த அடுக்கென்று இனி பொறுக்குகிறவளுக்குத் தெரியக் கூடாது. கழுகக்கா இடது கண்ணால் ஒரு குப்பியைக் கொட்டி, பாட்டில் பச்சையை மட்டும் தனியே எடுத்து, மிச்சத்தை அவளிடம் நீட்டினாள். அரை டாக்டர் குனிந்து பார்த்து இன்னும் ஒரு துகளை எடுத்து வெளியே போட்டாள்.

"ஒண்ணு விட்டுட்டீங்கக்கா."

"தெரியும்மா. அதுக்குத்தான் உன்கிட்ட குடுத்தேன். நீ போய்ப் பேசு, நேரமாச்சு. டப்பால பாதி இருக்கு, தின்னுட்டுப் போ."

அரை நாள் லீவு சொல்லிவிட்டு இறங்கினாள். வாசலில் வீட்டுக்காரர் குடையோடு நின்றார். கண் மருத்துவமனையில் நீண்ட பெஞ்சு. பெஞ்சு முழுக்க ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தவர்கள். அவள் முறை வந்தபோது நர்ஸ் கறுப்புத் துணியைக் கழற்றி, இது எந்தக் கடை என்று கேட்டுவிட்டு, கண் பாப்பா விரிவதற்கான மருந்தை எடுத்தாள். அண்ணாந்து பார்க்கச் சொன்னாள். கீழிமையை விரலால் மெல்ல இழுத்தாள். அங்கே ஒரு சின்னப் பைபோல இடம் விழுந்தது. புட்டி இமையில் படாமல் மேலேயே நின்று, அந்தப் பையில் ஒரு சொட்டு விழுந்தது. எரிந்தது. கழுகக்கா கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகப் பார்த்து, பாதியில் நிறுத்தி, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் எல்லாவற்றையும் துணி அளவெடுப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் விரலால் காற்றில் ஓர் இமையை இழுத்து, இன்னொரு கையால் இல்லாத புட்டியைச் சாய்த்துப் பார்த்தார். சரியாக வரவில்லை போலிருக்கிறது. அடுத்த நோயாளிக்கு விடப்போன நர்ஸை நிறுத்தி, இன்னும் ஒரு தரம் காட்டச் சொன்னார்.